196 சீரங்களில் 33: எதிர்ப்பொருள் சான்றின் வரலாறும் வரம்பும்

1954ஆம் ஆண்டின் 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி' இதழில், இந்தியாவில் வாழ்வோரின் குருதிச் சீரத்தில் எந்தெந்த வைரஸ்களுக்கு எதிர்ப்பொருள் காணப்படுகிறது என ஆராயும் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதை எழுதியவர்கள் ஸ்மித்பர்ன், கெர், காட்னே ஆகிய மூவர். ஜிகா வைரஸுக்காக அவர்கள் சோதித்த 196 சீரங்களில் 33, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு, அந்த வைரஸைச் செயலிழக்கச் செய்தன. இதைக் கொண்டு, ஜிகா இந்தியாவில் மனிதரைத் தொற்றிவருகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

ஆனால் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவில் எந்த நோயாளியின் உடலிலிருந்தும் ஜிகா வைரஸ் பிரித்தெடுக்கப்படவில்லை. ஆயினும் அந்த 33 என்ற எண் மேற்கோளிலிருந்து மேற்கோளுக்குத் தாவி, உலக வரைபடங்களில் இந்தியாவின் மீது ஒரு புள்ளியாக நிலைத்தது. 2016இல் ஜிகா உலகையே அச்சுறுத்தியபோது அந்தப் புள்ளி மீண்டும் பேசுபொருளானது. இந்தியர்களுக்கு இந்நோய் பழையதா, புதியதா? பழையது எனில் மக்களிடம் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். புதியது எனில் கருவுற்ற பெண்கள் எந்தக் காப்புமின்றி நிற்கிறார்கள். எனவே அந்த 33 உண்மையில் எதை எண்ணியது என்பதை அறிவது அவசியமாகிறது. மருத்துவ வரலாற்றைப் படிப்போர் 'சீரம் ஆய்வுச் சான்று' என்ற தொடரை எப்படி வாசிக்க வேண்டும் என்பதும் இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில், அந்தச் சீரங்களைச் சேகரிக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதன் வேர் மஞ்சள் காய்ச்சல் குறித்த அச்சத்தில் இருக்கிறது. இந்தியாவில் அந்நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு உண்டு. வெப்பமும் நெருக்கமான மக்கள்தொகையும் உண்டு. பனாமா கால்வாய் திறக்கப்படவிருந்த நிலையில், கப்பல்வழி நோய் கிழக்கே வந்துவிடுமோ என்று காலனிய அரசு கவலைப்பட்டது. எஸ். பி. ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரி இந்தியாவை மஞ்சள் காய்ச்சலிலிருந்து காப்பது குறித்து 1913இல் விரிவாக எழுதினார். 1927இல் மேற்கு ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் வைரஸ் முதன்முறையாகப் பிரிக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்டவை இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ரீசஸ் குரங்குகள். அவை அந்நோய்க்கு எளிதில் இரையாயின. ஆகவே கொசு மட்டுமன்றி, தொற்றுக்கு ஆளாகும் குரங்கும் இந்தியாவில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அப்படியிருந்தும் நோய் ஏன் இல்லை என்பது பெரும் புதிராகியது.

1930இல் மாக்ஸ் தெய்லர் வெள்ளைச் சுண்டெலியின் மூளையில் இவ்வைரஸைச் செலுத்தினால் அது நோயுறும் என்று காட்டினார். அதிலிருந்து காப்புச் சோதனை ஒன்று உருவாயிற்று. ஒருவரின் சீரத்தை வைரஸோடு கலந்து சுண்டெலிக்குச் செலுத்துவார்கள். எலி இறந்தால் அந்தச் சீரத்தில் காப்பு இல்லை. எலி பிழைத்தால், சீரத்துக்கு உரியவர் எப்போதோ மஞ்சள் காய்ச்சலைச் சந்தித்திருக்கிறார் என்று பொருள். நோயாளி இல்லாத ஊரிலும் நோயின் வரலாற்றை எழுதும் வழியை இச்சோதனை திறந்துவிட்டது. ராக்பெல்லர் அறக்கட்டளை 1930களில் பல கண்டங்களில் குருதி சேகரித்து மஞ்சள் காய்ச்சல் எதிர்ப்பாற்றலின் உலக வரைபடத்தை வரைந்தது. நோயின் பரவலைக் குருதியிலிருந்து வாசிக்கும் பெருமுயற்சிகளுள் அது முன்னோடியானது.

இம்முறையின் வெற்றி அதன் பயன்பாட்டை விரித்தது. உகாண்டாவின் என்டெபியில் 1936இல் தொடங்கிய மஞ்சள் காய்ச்சல் ஆய்வு நிலையம், தேடிப் போனதை விட்டு வேறு பல வைரஸ்களைக் கண்டெடுத்தது. 1937இல் ஸ்மித்பர்னும் அவருடைய குழுவினரும் மேற்கு நைல் வைரஸைப் பிரித்தார்கள். 1947இல் ஜிகா காட்டில் கூண்டில் வைக்கப்பட்ட ஒரு ரீசஸ் குரங்கின் குருதியிலிருந்து ஜிகா வைரஸ் கிடைத்தது. புதிய வைரஸ் ஒன்று கிடைத்ததும் எழுந்த இயல்பான கேள்வி, இது மனிதரைத் தொற்றுமா, எங்கெல்லாம் தொற்றியிருக்கிறது என்பது. விடைக்கு மஞ்சள் காய்ச்சலில் பயன்பட்ட அதே சோதனை கையில் இருந்தது. 1952இல் ராக்பெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து புணேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தை நிறுவின. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அதன் தொடர்ச்சி. இந்தியாவில் கணுக்காலிகள்வழிப் பரவும் வைரஸ்கள் எவை என்ற வினாவுக்கு முதல் விடையாக, நாட்டின் பல பகுதிகளிலிருந்து சீரங்கள் சேகரிக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. 33 என்ற எண் பிறந்த சூழல் இதுவே.

இனி, சோதனை எதை அளக்கிறது என்பதைப் பார்ப்போம். வைரஸ் உடலுக்குள் நுழையும்போது, அதன் புறப்பரப்பின் வடிவங்களை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை உடல் உருவாக்குகிறது. அவையே எதிர்ப்பொருள்கள். வைரஸ் மறைந்த பின்னும் அவை குருதியில் தங்குகின்றன. எனவே எதிர்ப்பொருள் சோதனை வைரஸைப் பார்ப்பதில்லை. வைரஸுக்கு உடல் ஆற்றிய மறுவினையின் எச்சத்தைப் பார்க்கிறது. வரலாற்று மாணவருக்குப் பழக்கமான சொல்லில் கூறினால், இது தேதியிடப்படாத சான்று. எதைக் குறித்த எச்சம், எப்போதைய எச்சம், யாருடைய உடல் உண்டாக்கிய எச்சம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அச்சான்று தானாக விடை தருவதில்லை. எதிர்ப்பொருள் சோதனையின் வரம்புகளைப் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றின்கீழ் வைத்துவிடலாம்.

முதற்கேள்வி, எதைக் குறித்த எச்சம் என்பது. இந்தியச் சீரங்களின் முடிவு வெளிவந்த அதே 1954இல், நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வகத்தில் ஜோர்டி காசல்ஸும் லெனோர் பிரௌனும் மற்றொரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார்கள். செவ்வணுக்கள் திரள்வதை அடிப்படையாகக் கொண்ட சோதனையால் இவ்வைரஸ்களை அவர்கள் ஆராய்ந்தபோது, அவற்றுட் பல தம்முள் உறவுடைய குழுக்களாகப் பிரிந்தன. டெங்கு, மஞ்சள் காய்ச்சல், மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா ஆகியவை 'பி' குழு என்று பெயர் பெற்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னாளில் அக்குடும்பம் ஃபிளேவிவைரஸ் எனப்பட்டது. குடும்ப உறுப்பினரின் புறவடிவங்கள் ஒத்திருப்பதால், ஒன்றுக்காக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றோடும் ஒட்டும். இதைக் குறுக்கு வினை என்கிறார்கள்.

ஒரே ஒரு ஃபிளேவிவைரஸை மட்டும் சந்தித்த உடலில் இக்குழப்பம் ஓரளவே இருக்கும். அவ்வுடலின் எதிர்ப்பொருள் தனக்குரிய வைரஸோடு வலுவாகவும் மற்றவற்றோடு மெலிவாகவும் வினைபுரியும். இரண்டாவது, மூன்றாவது உறவு வைரஸைச் சந்தித்த உடலில் நிலைமை மாறுகிறது. எதிர்ப்பொருளின் வீச்சு விரிந்து, தான் சந்தித்தே இராத உறவினரையும் தடுக்கத் தொடங்குகிறது. மேலும், புதிய தொற்று வரும்போது பழைய தொற்றுக்கான எதிர்ப்பொருளே மிகுதியாகச் சுரக்கும் வழக்கமும் உண்டு. தாமஸ் பிரான்சிஸ் இன்ஃபுளுவென்சாவில் கண்டு 1960இல் விவரித்த இப்போக்கு டெங்கு குடும்பத்திலும் தெளிவாகக் காணப்படுகிறது. டெங்குவும் மேற்கு நைலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் சுற்றிவரும் நாட்டில் வளர்ந்த ஒருவரின் சீரம், ஜிகாவைச் சந்திக்காமலேயே ஜிகாவைத் தடுக்கக்கூடும். அந்த 33 பேரில் எத்தனை பேர் ஜிகாவைச் சந்தித்தார்கள், எத்தனை பேர் அதன் உறவினரை மட்டும் சந்தித்தார்கள் என்பதை அன்றைய சோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது. ஸ்மித்பர்ன் குழுவினர் செய்தது அக்காலத்தின் மிக நம்பகமான சோதனை. அவர்களுடைய கைத்திறத்தில் குறையில்லை. உறவு வைரஸ்கள் நெருங்கி வாழும் நிலத்தில் அச்சோதனை எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவே பின்னால் வந்தது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு அக்கணக்கெடுப்பு முழுவதையும் ஒதுக்கிவிடலாகாது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இருப்பதற்கான முதற்குறிப்பும் 1952 காலத்துச் சீரங்களிலிருந்தே கிடைத்தது. அக்குறிப்பு சரியென நிறுவப்பட்டது. 1955இல் வட ஆற்காட்டிலிருந்தும் அண்டையிலுள்ள ஆந்திரப் பகுதியிலிருந்தும் மூளைக்காய்ச்சலோடு வந்த குழந்தைகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அடையாளம் காணப்பட்டார்கள். அப்பத்தாண்டு முடிவதற்குள் வைரஸும் பிரித்தெடுக்கப்பட்டது. 1973இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் பெரும் கொள்ளைநோயாக அது வெடித்தது. ஆக, ஒரே கணக்கெடுப்பின் இரு குறிப்புகளில் ஒன்றை அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகளும் வைரஸும் உறுதிசெய்தார்கள். மற்றொன்றுக்கு அப்படி எதுவும் வரவில்லை. சீரத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே தரத்துச் சான்றாகத் தோன்றியிருக்கும். சீரம் ஆய்வு ஒரு கருதுகோளைத் தருகிறது. வேறு வகைச் சான்று வந்து சேரும்போதே அது முடிவாகிறது.

உறவு வைரஸ்களின் ஒற்றுமையை நம்பிச் செயற்பட்டதன் விலையை மலைநாடு கண்டது. 1957இல் இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டையொட்டிக் குரங்குகள் மடிந்தன. ஊர்மக்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள். குரங்கும் மனிதரும் சேர்ந்து மடியும் நோய் என்றதும், பல்லாண்டாக அஞ்சிய மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. புணே மையம் வைரஸையே பிரித்தெடுத்ததால் அந்த ஐயம் விரைவில் நீங்கியது. இது உண்ணிவழிப் பரவும் புதிய வைரஸ் என்றும், சீரம் சோதனைகளில் உருசிய வசந்தகால-கோடைக்கால மூளைக்காய்ச்சல் வைரஸின் நெருங்கிய உறவு என்றும் தெரிந்தது. உறவு இவ்வளவு நெருக்கம் என்பதால், அந்த உருசிய நோய்க்கான தடுப்பூசி மலைநாட்டில் சில ஆயிரம் பேருக்குப் போடப்பட்டது. எதிர்பார்த்த பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ஆய்வகத் தட்டில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள், காட்டில் உண்ணி கடித்தவரைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதி இல்லை. பிற்காலச் சீரம் ஆய்வுகள் கட்ச், சௌராட்டிரம், அந்தமான் ஆகிய இடங்களிலும் கியாசனூர் வைரஸுக்கு எதிர்ப்பொருள் கண்டதாகத் தெரிவித்தன. ஆனால் அவ்விடங்களில் நோய் வெடித்ததில்லை. அங்கே கியாசனூர் வைரஸ்தான் இருக்கிறதா, அதன் அறியப்படாத உறவு ஏதேனும் இருக்கிறதா என்பதைச் சீரம் மட்டும் தீர்த்துவைக்காது.

குறுக்கு வினையை வெறும் பிழை என்று எண்ணுவதும் பொருந்தாது. 1975இல் தெய்லரும் சார்லஸ் ஆண்டர்சனும், டெங்குவைச் சந்தித்த குரங்குகள் மஞ்சள் காய்ச்சலை ஓரளவு தாங்கின என்று காட்டினார்கள். ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் வேரூன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்ற கருத்து இன்றும் விவாதத்தில் உள்ளது. நோயறிதலைக் குழப்பும் அதே ஒற்றுமை, சில வேளைகளில் மக்களைக் காக்கும் திரையாகவும் இருந்திருக்கக்கூடும்.

ஜிகாவுக்கு மீள்வோம். 2007இல் பசிபிக்கின் யாப் தீவில் காய்ச்சலும் தடிப்பும் பரவின. உள்ளூர் மருத்துவர்கள் டெங்கு எதிர்ப்பொருள் கருவியால் சோதித்தபோது சிலருக்கு டெங்கு என்று வந்தது. ஆனால் நோயின் போக்கு டெங்கு போல் இல்லை என்று அவர்கள் ஐயுற்றார்கள். மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே மரபுப்பொருளைத் தேடும் சோதனை ஜிகாவைக் காட்டியது. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வெளியே அறியப்பட்ட முதல் ஜிகா கொள்ளைநோய் அது. 1954இல் வேறு உறவு வைரஸ்கள் ஜிகாவாகத் தோன்றியிருக்கலாம்; 2007இல் ஜிகா டெங்குவாகத் தோன்றியது. மருத்துவர்கள் கருவியின் விடையை அப்படியே ஏற்றிருந்தால், யாப் தீவின் அந்த ஆண்டு வரலாற்றில் டெங்கு ஆண்டாகவே பதிவாகியிருக்கும். அவ்வாறு பதிவாகிவிட்ட ஆண்டுகள் பிற இடங்களில் எத்தனையோ இருக்கலாம்.

இந்தியாவில் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட முதல் ஜிகா தொற்றுகள், அகமதாபாதின் பாபுநகர் பகுதியைச் சேர்ந்த மூன்று, 2017 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வழி வெளியுலகுக்குத் தெரிந்தன. அவை ஆர்டி-பிசிஆர் என்னும் மரபுப்பொருள் சோதனையால் கண்டறியப்பட்டவை. 2018இல் ஜெய்ப்பூரில் 150க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானதும் அதே வழியில்தான். அங்கே கருவுற்ற பெண்களும் தொற்றியோருள் இருந்தார்கள். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய தொற்று இது. டெங்கு நிறைந்த நகரில் வாழும் ஒரு கருவுற்ற பெண்ணுக்கு ஜிகா எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற தகவலால் மருத்துவர் அவருக்கு என்ன சொல்ல முடியும்? அது டெங்குவின் எச்சமாக இருக்கலாம். உண்மையிலேயே ஜிகா எனினும், கருவுறுவதற்கு முன் வந்ததா பின் வந்ததா என்று தெரியாது. ஒரு விழுக்காட்டுக் கணக்கில் மறைந்துவிடும் ஐயம், ஒரு பெண்ணின் முன் வரும்போது தாங்க முடியாத சுமையாகிறது.

இங்கே இரண்டாவது கேள்வி வந்துவிட்டது: எப்போதைய எச்சம்? தொற்று ஏற்பட்டவுடன் எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை. முதற் சில நாள்களில், சில தொற்றுகளில் வாரங்களாகவும், வைரஸ் உடலில் பெருகிக்கொண்டிருக்கும். சோதனையோ இல்லை என்று சொல்லும். பழைய மருத்துவம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. நோயின் தொடக்கத்தில் ஒரு குருதி மாதிரியும், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்றும் எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்காவது உயர்ந்திருந்தால் அண்மைத் தொற்று என்று கொள்வார்கள். நம்பகமான முறைதான். ஆனால் விடை வரும்போது நோயாளி குணமடைந்திருப்பார், அல்லது இறந்திருப்பார். முதலில் தோன்றி விரைவில் மறையும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைத் தனியே பிடிக்கும் எலைசா முறைகள் இக்குறையைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையோடு வந்தன, பெரிதும் பயன்பட்டன. ஆயினும் ஜிகா, மேற்கு நைல் போன்றவற்றில் ஐஜிஎம் சிலரிடம் பல மாதங்கள் தங்குகிறது. 'அண்மை' என்ற சொல்லின் எல்லை அதனால் கரைகிறது.

கோரக்பூர் வட்டாரத்தின் மூளைக்காய்ச்சல் வரலாறு இவ்வரம்பை வேதனையோடு காட்டுகிறது. 2005இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெருஞ்சாவை விளைவித்தது. 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் வேளையில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றும் நூற்றுக்கணக்கானோரில் ஒருவருக்கே மூளை பாதிக்கப்படுகிறது. மற்றவர்கள் அறியாமலே கடந்துபோகிறார்கள். எனவே வேறு காரணத்தால் நோயுற்ற குழந்தையின் குருதியில், அறிகுறியின்றி வந்துபோன தொற்றின் அல்லது தடுப்பூசியின் ஐஜிஎம் இருக்கக்கூடும். அங்கே சோதனை பொய் சொல்லவில்லை. எதிர்ப்பொருள் உண்மை, ஆனால் அக்குழந்தையின் நோய்க்கு அது காரணமில்லை. இதனாலேயே குருதியைவிட மூளைத் தண்டுவட நீரில் கிடைக்கும் ஐஜிஎம் வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

பின்வந்த ஆய்வுகள் அக்குழந்தைகளில் பெரும்பங்கினருக்கு, சிறு பூச்சிவழிப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் என்ற நோய் இருந்ததைச் சுட்டின. அது வைரஸ் நோயன்று; தொடக்கத்திலேயே கொடுத்தால் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற எளிய மருந்துகளுக்குக் கட்டுப்படும். அம்முடிவும் முதலில் பெரிதும் எதிர்ப்பொருளையே சார்ந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிலரின் குருதியில் அந்நுண்ணுயிரியின் மரபுப்பொருளே கண்டறியப்பட்டது அதற்கு வலுச்சேர்த்தது. சான்று ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கப்பட்டபோதே நோயின் பெயர் மாறியது. பெயர் மாறியபோது சிகிச்சையும் மாறியது.

மூன்றாவது கேள்வி, யாருடைய எச்சம் என்பது. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் குருதியில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடிவழி வந்து சேர்கின்றன. ஏறத்தாழ பதினெட்டு மாதம்வரை அவை நீடிக்கலாம். அக்காலத்தில் எதிர்ப்பொருள் சோதனை தொற்றியிராத குழந்தைக்கும் உண்டு என்றே காட்டும். தாயின் உடல் எழுதியதைக் குழந்தையின் குருதியில் நாம் வாசிக்கிறோம். உண்மையிலேயே தொற்றிய குழந்தைகளுக்கோ அந்தப் பதினெட்டு மாதக் காத்திருப்பு உயிரை வாங்கும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் பலர் இரண்டு வயதுக்கு முன்னரே இறந்துபோவார்கள். உலர்ந்த குருதிப் பொட்டிலிருந்து வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் தொடக்கநிலைக் கண்டறிதல் திட்டத்தை இந்தியா 2010இல் தொடங்கியதற்குக் காரணம் இதுவே. எதிர்ப்பொருள் பெரியவருக்கு நல்ல சோதனை. அதே சோதனை சிசுவிடம் வேறு ஒருவரின் கதையைச் சொல்லும்.

இம்மூன்று கேள்விகளையும் நாடே ஒருசேரக் கேட்க நேர்ந்தது 2020 ஏப்ரலில். கொரோனா முடக்கத்தின் நடுவே, சில நிமிடங்களில் விடைதரும் எதிர்ப்பொருள் கருவிகள் ஏறத்தாழ 5 லட்சம் இரண்டு சீன நிறுவனங்களிடமிருந்து வந்தன. ராஜஸ்தான் அரசு அவற்றின் துல்லியம் 5.4 விழுக்காடுதான் என்று அறிவித்தது. ஆர்டி-பிசிஆரில் உறுதியானவர்களிடம் கருவிகள் சரியாகக் காட்டியது 6 முதல் 71 விழுக்காடுவரை மாறுபட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தெரிவித்தது. ஏப்ரல் 27 அன்று, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பொதுவிவாதத்தில் இது தரமற்ற கருவிகளின் கதையாகவே நின்றுவிட்டது. தரம் ஒரு சிக்கல்தான். ஆனால் குறையில்லாத கருவியும் தொற்றின் முதல் வாரத்தில் இருப்பவரிடம் எதிர்ப்பொருளைக் கண்டிருக்காது. இவை நோயறிதலுக்கு அல்ல, பரவலைக் கண்காணிக்கவே என்று கழகத்தின் அறிவுரைகளும் கூறின. விரைவான விடைக்கு ஏங்கிய சூழலில் அந்த வேறுபாடு எளிதில் மறைந்துபோனது.

எண்ணிக்கையின் பக்கத்தையும் ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 10,000 பேரில் 100 பேருக்கே தொற்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்றியவரில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் காட்டும், தொற்றாதவரில் 5 விழுக்காட்டினரைத் தவறாகக் காட்டும் ஒரு நல்ல கருவி நம்மிடம் உள்ளது. அது தொற்றிய 90 பேரையும் தொற்றாத 495 பேரையும் சேர்த்து 585 பேருக்கு உண்டு என்று சொல்லும். அவர்களில் உண்மையானவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே. இதே கருவியை 3,000 பேருக்குத் தொற்று வந்துவிட்ட 10,000 பேரிடம் பயன்படுத்தினால், உண்டு என்று வருவோரில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் உண்மையானவர்கள். கருவி மாறவில்லை, ஊர் மாறியது. விடையின் பொருள் கருவியில் மட்டும் இல்லை, அது பயன்படும் மக்கள்திரளிலும் இருக்கிறது.

அதே 2020இல் எதிர்ப்பொருள் சோதனை தன் உரிய இடத்தில் எவ்வளவு சிறப்பாகப் பணியாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். மே-ஜூன் மாதங்களில் 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் 28,000 பெரியவர்களிடம் முதல் தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. சோதனையின் பிழை விகிதத்தைக் கணக்கிற்கொண்டு திருத்திய பின், 0.73 விழுக்காட்டினர் தொற்றைச் சந்தித்திருந்தார்கள் எனத் தெரிந்தது. சிறிய எண்தான். ஆனால் அது மே மாதத் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 64 லட்சம் தொற்றுகள் என்று பொருள்பட்டது. பதிவான ஒவ்வொரு தொற்றுக்கும் பதிவாகாதவை எத்தனையோ பத்து மடங்கு என்பதை அது வெளிக்கொணர்ந்தது. 2021 ஜூன்-ஜூலையில் நடந்த நான்காம் கணக்கெடுப்பில் அவ்விகிதம் 67.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது; அதற்குள் தடுப்பூசியின் எதிர்ப்பொருளும் அதில் கலந்துவிட்டது. படுக்கையருகே தோற்ற முறை, மக்கள்திரளின் கடந்தகாலத்தை அறிவதில் வேறெதுவும் தர இயலாத அறிவைத் தந்தது. ஒரே கருவியிடம் இரு வேறு கேள்விகள் கேட்கப்பட்டன.

எனவே 1954இன் அந்த 33 குறித்து நாம் நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. 1950களின் இந்தியாவில் டெங்கு குடும்பத்து வைரஸ்கள் பரவலாகச் சுற்றிவந்தன; அவற்றைச் சந்தித்த பலரின் சீரம் ஜிகாவையும் தடுத்தது. அவர்களுள் ஜிகாவையே சந்தித்தவர்கள் இருந்திருக்கலாம். அதை அவ்வெண் நிறுவவில்லை. 'ஜிகா 1952 முதல் இந்தியாவில் உள்ளது' என்ற வாக்கியத்தை எழுதும் மாணவர், தன் சான்று தாங்குவதைவிடக் கூடுதலான எடையை அதன்மீது ஏற்றுகிறார். 'ஜிகா 2016க்கு முன் இந்தியாவில் இல்லை' என்று எழுதுபவரும் அதே தவற்றைச் செய்கிறார். தேடாத இடத்தில் கிடைக்காமற் போனது இன்மைக்குச் சான்றாகாது.

நம் துறைகளில், பழங்காலக் கொள்ளைநோய்களையோ பழங்குடிப் பகுதிகளின் நோய்ப்பரவலையோ எழுதும்போது சீரம் ஆய்வு அட்டவணைகளை அடிக்கடி எடுத்தாள்கிறோம். எடுத்தாளும் முன் சிலவற்றைத் தேடிப் பார்ப்பது நல்லது: எந்தச் சோதனை பயன்பட்டது, அதே சீரங்கள் உறவு வைரஸ்களுக்கும் சோதிக்கப்பட்டனவா, அப்பகுதியில் முன்னரே தடுப்பூசி போடப்பட்டிருந்ததா, ஒரே நபரிடம் இரு மாதிரிகள் எடுக்கப்பட்டனவா, வைரஸோ அதன் மரபுப்பொருளோ எங்கேனும் கண்டறியப்பட்டதா. இவற்றுக்கு விடை இல்லாத அட்டவணையையும் பயன்படுத்தலாம். அப்போது நம் வாக்கியத்தின் வினைச்சொல் 'நிறுவுகிறது' என்பதிலிருந்து 'சுட்டுகிறது' என்பதற்கு இறங்க வேண்டும். கோரக்பூரின் குழந்தைகளுக்கும் ஜெய்ப்பூரின் கருவுற்ற பெண்களுக்கும் அந்த ஒரு வினைச்சொல்லின் வேறுபாடு மருந்தாகவும் முடிவாகவும் மாறியது. வரலாற்றை எழுதும் நாமும் அதே கவனத்துக்குக் கடமைப்பட்டவர்கள்.